சேலமா, நியூபோர்ட்டா, நியூ பெட்ஃபோர்டா: மூன்று நாள் விடுமுறைக்கு எந்தப் பழைய துறைமுகம்?

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பழைய துறைமுக ஊர் ஒன்றில் மூன்று நாள் தங்கலாம் என்று தேடத் தொடங்கினால் மாசசூசெட்ஸின் சேலம், நியூ பெட்ஃபோர்ட், ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்து நிற்கும். மூன்றுக்கும் விளம்பரப் படம் ஒன்றேதான்: செங்கல் நடைபாதை, பாய்மரம், தூரத்தில் கலங்கரை விளக்கம். படத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கார் இருக்கிறதா, எந்த மாதம், கூட வருகிறவர்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதி, அந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்பதில் உங்களுக்கு இருக்கும் ஆர்வம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கார் இல்லை, போவதும் அக்டோபரில் இல்லை என்றால் சேலம். கார் இருக்கிறது, இரண்டு இரவாவது தங்க முடியும் என்றால் நியூபோர்ட். அதோடு அரை நாள் நியூ பெட்ஃபோர்ட். பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள்தான் என்றால் நியூ பெட்ஃபோர்ட் மட்டும். அக்டோபர் வார இறுதி என்றால் சேலத்தை விட்டுவிடுங்கள்.

பணம் நின்றுபோன ஆண்டு

இந்த ஊர்களில் பழைய கட்டடங்கள் தப்பியதற்குக் காரணம் யாரோ அக்கறையோடு பாதுகாத்தது மட்டுமல்ல. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டக் காசில்லாமல் போனதும்தான். அந்தக் காசு எந்த ஆண்டில் நின்றதோ, ஏறக்குறைய அந்த ஆண்டின் ஊரைத்தான் இன்று பார்க்கிறோம்.

நியூபோர்ட்டுக்கு அது 1776. விடுதலைப் போரின் நடுவே அந்த டிசம்பரில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்து 1779 அக்டோபர் வரை வைத்திருந்தது. வணிகர்கள் ஓடிவிட்டார்கள், வியாபாரம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அதனால்தான் அங்கே 18ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. சேலத்துக்கு 1807: வெளிநாட்டு வாணிபத்துக்குக் குடியரசுத் தலைவர் ஜெபர்சனின் அரசு போட்ட தடை, பின்னாலேயே பிரிட்டனோடு 1812 போர். மறுபடி எழுந்திருக்கலாம் என்றால் துறைமுகம் ஆழமில்லை; கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகச் சரக்கெல்லாம் பாஸ்டனுக்குப் போய்விட்டது. நியூ பெட்ஃபோர்டின் கதை கொஞ்சம் தள்ளி நடக்கிறது. 1857இல் அந்த ஊருக்கு 329 திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இருந்தன. இரண்டே ஆண்டில் பென்சில்வேனியாவில் பெட்ரோலியக் கிணறு தோண்டப்பட்டது. விளக்குக்குத் திமிங்கில எண்ணெய் தேவைப்படாமல் போயிற்று.

ஆகவே கீழைநாட்டு வணிகம் பார்க்க வேண்டுமென்றால் சேலம், குடியேற்றக் கால ஊரும் அதன்மேல் பின்னாளில் கோடீசுவரர்கள் கட்டிய மாளிகைகளும் வேண்டுமென்றால் நியூபோர்ட், இன்றும் மீன் நாற்றம் அடிக்கும் உண்மையான துறைமுகம் வேண்டுமென்றால் நியூ பெட்ஃபோர்ட்.

சேலம்: மிளகு, மதராஸ், கூட்டம்

முன்பதிவிலேயே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் சேலம் என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. ஓரிகனில் இருப்பதை யாரும் தவறிப் பதிவு செய்ய மாட்டார்கள், மேற்குக் கரையாயிற்றே. ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் சேலம், மாசசூசெட்ஸ் எல்லையை ஒட்டி, நாம் போக வேண்டிய சேலத்திலிருந்து சுமார் 30 மைலில் இருக்கிறது. விடுதித் தளங்களில் "சேலம்" என்று மட்டும் தட்டினால் அங்குள்ள மலிவான அறைகளும் பட்டியலில் வரும். அங்கே கடலும் இல்லை, பாஸ்டனுக்கு ரயிலும் இல்லை. பணம் கட்டும் முன் முகவரியில் மாநிலத்தைப் பாருங்கள்.

பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து நியூபரிபோர்ட்/ராக்போர்ட் தடத்து ரயிலில் அரை மணி நேரம். ஒருவழிக் கட்டணம் 8 டாலர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்ற வார இறுதிச் சீட்டு 10 டாலர்தான். பெரியவரோடு வரும் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நான்கு பெரியவர்கள் கிழமை நாளில் போய்வர 64 டாலர் ஆகும். அதே நால்வருக்கு வார இறுதியில் 40 டாலரில் இரண்டு நாளும் முடிந்துவிடும்.

நியூயார்க் பக்கமிருந்து ஆம்ட்ராக் என்ற தொலைதூர ரயிலில் வருகிறவர்கள் வழக்கமாகக் கடைசி நிறுத்தமான சவுத் ஸ்டேஷன் வரை போய் இறங்கி, சேலம் ரயில் எங்கே என்று தேடுவார்கள். பாஸ்டனின் தெற்கு, வடக்கு ரயில் நிலையங்களுக்கு இடையே ரயில் பாதை கிடையாது. அதற்கு முந்தைய நிறுத்தமான பேக் பேயிலேயே இறங்கிவிட்டால், அதே நிலையத்திலேயே ஆரஞ்சு தட மெட்ரோ. மாறாமல் நார்த் ஸ்டேஷன் போய்ச் சேரலாம். சவுத் ஸ்டேஷனில் இறங்கினால் சிவப்புத் தடத்தில் ஏறி, டவுன்டவுன் கிராசிங்கில் ஆரஞ்சுக்கு மாற வேண்டும். பெட்டிகளோடும் பாட்டியோடும் அது வேண்டாத வேலை. விமானத்தில் வந்தால் நிலையத்தின் இலவசப் பேருந்தில் ஏர்ப்போர்ட் மெட்ரோ நிறுத்தத்துக்கு வந்து, அங்கிருந்து எஸ்எல்3 பேருந்தில் செல்சி போய், அங்கேயே சேலம் ரயிலைப் பிடிக்கலாம். நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். செல்சியில் ரயில்களுக்கு இடையே நேரம் அதிகம் என்பதால் அட்டவணை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பாஸ்டன் லாங் வார்ஃபிலிருந்து படகு உண்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு வழி படகு, ஒரு வழி ரயில் என்று வைத்துக்கொள்வதே நல்லது. காற்று பலமாக வீசும் நாளில் படகு ரத்தாகும்; ரயில் ஓடும்.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றிக் கடந்த சேலம் கப்பல் தலைவர்கள் 1799இல் அமைத்த கிழக்கிந்தியக் கடலோடிகள் சங்கம்தான் இதன் தொடக்கம். அவர்கள் கொண்டுவந்து சேர்த்த பொருள்கள், 1825இல் கட்டிய மண்டபம், இவற்றோடு இந்திய நவீன ஓவியங்களின் பெரிய தொகுப்பான ஹெர்விட்ஸ் சேகரிப்பும் இங்கே இருக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் சுவரில் தொங்காது, மாற்றி மாற்றி வைப்பார்கள். சீனாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய யின் யூ டாங் என்ற இருநூறு ஆண்டு வீட்டுக்கு நேரம் குறித்த தனிச் சீட்டு. உள்ளே நுழைந்தவுடன் அதை வாங்கிவிடுங்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அருங்காட்சியகம் பொதுவாகச் செவ்வாய், புதன் மூடியிருக்கும். வார நடுவில் விடுதி மலிவு என்று அந்த இரண்டு நாளுக்கு வந்து இறங்குவதுதான் சேலத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. இங்கே பாதிரியாராக இருந்த வில்லியம் பென்ட்லி 1790 டிசம்பர் இறுதியில் தம் நாட்குறிப்பில், மதராசிலிருந்து வந்த ஒருவரை முதன்முறையாகப் பார்த்ததை எழுதியிருக்கிறார்: கருத்த மேனி, நீண்ட கருங்கூந்தல், சாந்தமான முகம், நல்ல உயரம். பெயரை மட்டும் குறிக்கவில்லை. சேலம் கப்பல் ஒன்றோடு வந்தவர். இந்தியக் கரைக்கும் பின்னர் சுமத்ராவுக்கும் போய் மிளகு, துணி என்று ஏற்றிவந்த ஊர் இது. சுமத்ரா மிளகை 1797இல் ஜொனாதன் கார்ன்ஸ் மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கியபின் சேலத்துக் கப்பல் முதலாளிகளெல்லாம் அதே வழியில் ஓடினார்கள். இதைத் தெரிந்துகொண்டு போனால் டெர்பி வார்ஃப் என்ற பழைய கப்பல் துறை வெறும் கல் திட்டாகத் தெரியாது.

டெர்பி வார்ஃப், 1819இல் கட்டிய சுங்கச் சாவடி, 1762இன் டெர்பி இல்லம் ஆகியவை தேசியப் பூங்காத் துறையின் கையில் உள்ளன. 1938இல் அந்நாட்டின் முதல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டவை. நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டடங்களுக்குள் போக ரேஞ்சர் எனப்படும் பூங்கா ஊழியர் அழைத்துச் செல்லும் நேரம் உண்டு. பராமரிப்பு நடந்தால் மூடியிருக்கும். 1797ஆம் ஆண்டுக் கப்பலின் மாதிரியாகக் கட்டிய ஃபிரெண்ட்ஷிப்பும் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது வேறு இடத்துக்குப் போய்விடும். அதற்காகவே வருவதானால் பூங்காவின் தளத்தில் முதலில் பாருங்கள். வார்ஃபின் நுனியில் 1871இன் சிறிய கலங்கரை விளக்கம். போக அரை மைல், திரும்ப அரை மைல். வழியில் நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை, கடல் காற்று மட்டும் ஏராளம். ஜூனில்கூட வயதானவர்களுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும்.

1668இல் கட்டிய ஏழு கூம்பு வீட்டில் (ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்) குறுகலான ரகசியப் படிக்கட்டு உண்டு. முழங்கால் வலிக்காரர்களும் பருத்த உடம்புக்காரர்களும் முதலிலேயே சொல்லிவிட்டால் வேறு வழியாக அழைத்துப் போவார்கள்.

பிறகு சூனியக்காரி விஷயம். 1692இல் சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டிப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். குற்றச்சாட்டுகள் கிளம்பிய சேலம் கிராமம் இன்றைய டான்வர்ஸ். விசாரணை நடந்தது இங்கே. இந்தத் துயரத்தைத்தான் இன்று ஊர் முழுக்கக் கறுப்புத் தொப்பியாகவும் மந்திரக்கோலாகவும் விற்கிறார்கள். மியூசியம் என்று பலகை மாட்டிய பல இடங்களில் உள்ளே இருப்பது பொம்மைக் காட்சியும் ஒலிப்பதிவும்தான். நேரமும் காசும் அங்கே போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சார்ட்டர் தெருக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி 1992இல் அமைத்த நினைவிடத்தில் இருபது கல் இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். கட்டணம் இல்லை. பதினைந்து நிமிடம் போதும்.

அக்டோபரில், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் என்ற பேய் வேடத் திருவிழாவை ஒட்டி, இந்தச் சிறிய ஊருக்கு ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வருகிறார்கள். வார இறுதிகளில் காலையிலேயே பார்க்கிங் நிரம்பிவிடும், சாலைகளை அடைப்பார்கள், திரும்பும் ரயிலில் நிற்கத்தான் இடம். அந்த மாத அறைகளை ஓராண்டுக்கு முன்பே பிடித்துவிடுவார்கள். அக்டோபர்தான் முடியும் என்றால், திங்கள் அல்லது வியாழன் காலையில் ரயிலில் வந்து மாலை நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மற்ற மாதங்களில் கார் உள்ளவர்கள் டான்வர்ஸ், பீபடி ஊர்களின் நெடுஞ்சாலை விடுதிகளில் தங்கலாம். கால் மணி நேரப் பயணம், அறை வாடகைக்குள்ளேயே பார்க்கிங் செலவும் பெரும்பாலும் அடக்கம்.

நியூ பெட்ஃபோர்ட்: இன்னும் வேலை செய்யும் துறைமுகம்

2025 மார்ச் வரை காரில்லாமல் இங்கே வருவது எளிதாக இல்லை. அந்த மாதம் பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து ரயில் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஒருவழி 12.25 டாலர், மேலே சொன்ன 10 டாலர் வார இறுதிச் சீட்டு இதற்கும் செல்லும் என்பதால் சனி, ஞாயிறில் போவதே லாபம். இரண்டு எச்சரிக்கை. இதே தடத்தில் ஃபால் ரிவருக்கும் ரயில் போகிறது. ஈஸ்ட் டான்டனுக்கு அப்பால் வழி பிரியும், ஆகவே ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். ரயில்களுக்கு இடையே இடைவெளி பெரிது. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பகலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து பழைய ஊர் ஏறக்குறைய ஒரு மைல். பெரியவர்கள் இருந்தால் வாடகைக் கார் அழைத்துவிடலாம்.

பழைய பகுதி பதின்மூன்று தெருத் துண்டுகள்தான். 1996 முதல் தேசியப் பூங்கா, நுழைவு இலவசம். காசு கொடுக்க வேண்டிய முக்கிய இடம் திமிங்கில அருங்காட்சியகம், அதற்குக் கொடுக்கலாம். உள்ளே லகோடா என்ற கப்பலின் பாதி அளவு மாதிரி, 89 அடி நீளம். பிள்ளைகள் அதில் ஏறிக் கயிறுகளைத் தொட்டுப் பார்க்கலாம். நுழைவுக் கூடத்தில் தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டிலிருந்து இன்னும் எண்ணெய் சொட்டுகிறது. அதைப் பிடிக்க ஒரு குடுவையே வைத்திருக்கிறார்கள். 1998இல் கப்பல் மோதி இறந்த குட்டி அது, 66 அடி. பத்து வயதுப் பிள்ளைக்குச் சேலத்தின் பீங்கான் தட்டுகளைவிட இது பத்து மடங்கு நினைவில் நிற்கும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எதிரே கடலோடிகளின் தேவாலயம், 1832. கடலில் மாண்டவர்களின் பெயர்ப் பலகைகள் சுவரெங்கும். 'மோபி டிக்' என்ற திமிங்கில வேட்டை நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில் 1841 ஜனவரியில் திமிங்கில வேட்டைக்குக் கப்பலேறியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838இல் இங்கே வந்து நேதன், பாலி ஜான்சன் தம்பதியரின் வீட்டில் தங்கினார். வேட்டைக் கப்பல்களுக்கு ஆள் எப்போதும் தேவை என்பதால், தப்பிவந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் ஊராக இது இருந்தது.

தெருக்கள் உருட்டுக்கல் பாவியவை, ஏற்றமும் உண்டு. சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் இங்கே படாதபாடு படும். மூன்று ஊர்களில் கால்களுக்குக் கடினமானது இதுதான். துறையில் நிற்பவை ஸ்காலப் சிப்பி பிடிக்கும் இரும்புப் படகுகள். பிடிக்கும் சரக்கின் மதிப்பில் நாட்டின் முதலிடத்தில் பல ஆண்டுகளாக நிற்கும் துறைமுகம். அழகாக இருக்காது. துறைமுகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்பவர்களுக்குப் பிடிக்கும். தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் இதைச் சொல்ல மாட்டோம். தங்கும் விடுதிகளும் குறைவு. பாஸ்டனிலிருந்து பகல் பயணம், அல்லது நியூபோர்ட் போகும் வழியில் ஒரு நிறுத்தம் என்பதே இதற்குச் சரியான இடம். சேலத்தில் தங்கிக்கொண்டு இங்கே ரயிலில் வந்துபோகத் திட்டமிடாதீர்கள். நிலையம் மாறிக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் போகும்.

நியூபோர்ட்: காரும் காசும்

இங்கே ரயில் இல்லை. பாஸ்டனிலிருந்து காரில்லாமல் வர வேண்டுமென்றால் பிராவிடன்ஸ் வரை ரயில், அங்கே கென்னடி பிளாசாவிலிருந்து 60ஆம் எண் பேருந்து. மொத்தம் மூன்று மணி நேரம் ஆகிவிடும். கோடையில் பிராவிடன்ஸிலிருந்து ஒரு மணி நேரப் படகு உண்டு, அது இனிமையான பயணம். ஆனாலும் ஊருக்குள் வந்தபின் இடங்கள் பரவிக் கிடக்கின்றன. கார் இல்லாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு சங்கதி. நியூயார்க் பக்கமிருந்து 138ஆம் சாலையில் வந்தால் கடைசியில் பெல் பாலம். சுங்கம் 4 டாலர். பாஸ்டனிலிருந்து 24ஆம் சாலையில் இறங்கி, நியூபோர்ட் இருக்கும் தீவின் வடக்கு முனை வழியாக வந்தால் அந்தப் பாலமே குறுக்கிடாது. வரைபடச் செயலி சில நிமிடம் மிச்சம் என்று பாலத்துக்குத் திருப்பிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. அதே 24ஆம் சாலையிலிருந்து ஃபால் ரிவரில் 195க்குத் திரும்பினால் நியூ பெட்ஃபோர்ட். இரண்டு ஊருக்கும் இடையே முக்கால் மணி நேரம்.

மாளிகைகளில் எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே அடுத்த தேர்வு. பிரேக்கர்ஸ், 1895இல் முடிந்த, வாண்டர்பில்ட் என்ற ரயில் கோடீசுவரக் குடும்பத்தின் மாளிகை, 70 அறைகள். ஒன்றே ஒன்று என்றால் அதுதான். மார்பிள் ஹவுஸ் 1892இல் 1.1 கோடி டாலரில் எழுந்தது, அதில் 70 லட்சம் பளிங்குக்கு மட்டுமே. ஆனால் பிரேக்கர்ஸைப் பார்த்தபின் இதைப் பார்த்தால் தங்கப் பூச்சு கண்ணை அடைத்துவிடும். இரண்டாவதாக எல்ம்ஸைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வேலைக்காரர்களின் வாழ்க்கையைக் காட்டும் தனிச் சுற்று உண்டு: நிலக்கரி வந்த சுரங்கம், சலவை அறை, கூரையடி அறைகள். சிறு குழுவாக அழைத்துச் செல்வார்கள், சீட்டு சீக்கிரம் தீரும், படிகள் நிறைய. ஒரு மாளிகைக்கு 30 டாலருக்கு மேல் ஆகும். இரண்டுக்குச் சேர்த்து எடுத்தால் குறையும். மூன்றாவது மாளிகை வேண்டாம், எந்த அறையை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடும். விளக்கம் கைபேசிச் செயலியில் ஓடும் என்பதால் ஆளுக்கொரு காதுக்கருவி கொண்டுபோங்கள். பிரேக்கர்ஸுக்குத் திறந்தவுடன் போய்விடுங்கள். நண்பகலில் படிக்கட்டிலேயே நெரிசல்.

மாளிகைகளின் பின்புறம் கடலை ஒட்டிய கிளிஃப் வாக் மூன்றரை மைல், இலவசம். வடக்குப் பாதி ஒழுங்கான பாதை. தெற்கே போகப் போகப் பாறை மேல் தாவ வேண்டியிருக்கும். 2022 மார்ச்சில் நாரகான்செட் அவென்யூவுக்குத் தெற்கே ஒரு துண்டு கடலில் சரிந்தது. போகும் முன் மாற்றுப் பாதை நிலவரம் பாருங்கள். செருப்போடு முழுத் தூரம் போகத் துணிய வேண்டாம். பெரியவர்களை நாற்பது படிகள் என்ற இடத்துக்குக் காரில் கொண்டுவந்து, வடக்கே கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவந்தால் போதும். காட்சி ஒன்றும் குறையாது.

மாளிகை மயக்கத்தில் பலர் பழைய ஊரையே பார்க்காமல் திரும்புகிறார்கள். 1763இன் டூரோ யூத ஆலயம், அந்நாட்டில் நிற்கும் யூத ஆலயக் கட்டடங்களில் மிகப் பழையது. டிரினிட்டி தேவாலயம் 1726. ரெட்வுட் நூலகம் 1747. இவையெல்லாம் அரை மைல் சுற்றளவில். பொதுக் கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான பகுதியையும் பாருங்கள். ரம் வடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி மனிதர்களை வாங்கிய வணிகத்தில் நியூபோர்ட்டுக்குப் பெரும் பங்கு. இந்த அழகான வீடுகளின் பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கற்களில் இருக்கிறது.

அறை வாடகையில் மூன்றில் விலை உயர்ந்த ஊர் இது. கோடை வார இறுதிகளில் இரண்டு, மூன்று இரவு எடுத்தே ஆக வேண்டும் என்று பல விடுதிகள் சொல்லும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஃபோர்ட் ஆடம்ஸில் நடக்கும் நாட்டுப்புற இசை, ஜாஸ் விழாக்களின்போது விலை இன்னும் ஏறும். பக்கத்து மிடில்டவுனில் தங்கினால் வாடகை குறையும், காரில் பத்து நிமிடம்தான்; நல்ல மணல் கடற்கரையும் அங்கேதான் இருக்கிறது.

மிஸ்டிக், போர்ட்ஸ்மத்

கனெக்டிகட்டின் மிஸ்டிக்கைச் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அங்குள்ள துறைமுகம் அருங்காட்சியகமாக அமைத்த ஒன்று. பல ஊர்களிலிருந்து பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் 1841இல் நியூ பெட்ஃபோர்டில் கட்டிய சார்லஸ் டபிள்யூ. மார்கன், மரத்தாலான திமிங்கில வேட்டைக் கப்பல்களில் எஞ்சியிருக்கும் கடைசிக் கப்பல், அங்கேதான் நிற்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து நியூபோர்ட்டுக்கு 95ஆம் சாலையில் போகும் வழியிலேயே இருப்பதால் அரை நாள் நிறுத்தத்துக்குப் பொருந்தும். நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் அழகான ஊர். ஆனால் சேலம் பார்த்தவர்களுக்குப் புதிதாக அதிகம் இல்லை.

மாதமும் சாப்பாடும்

மே மாதத்தில் கடல் மூட்டம், குளிர், குளிப்பதை மறந்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் 27, 28 டிகிரி, எங்கும் கூட்டம். செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை முடிந்தபின் வரும் மூன்று வாரம்தான் மூன்று ஊருக்கும் சிறந்தது: பள்ளிகள் திறந்திருக்கும், கடல் வெதுவெதுப்பாக இருக்கும், கிழமை நாள் வாடகை இறங்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளியபின் நாலரை மணிக்கே இருட்டிவிடும். படகுகளும் நின்றிருக்கும், பல வீடுகள் மூடியிருக்கும்.

சைவர்களுக்கு மூன்று ஊரும் சோதனைதான். கிளாம் சௌடரில் சிப்பியை எடுத்துவிடச் சொல்லிப் பயனில்லை, அதில் பன்றிக் கொழுப்பும் சேரும். பாஸ்டன் பாணி அவித்த பீன்ஸிலும் அப்படியே. நியூ பெட்ஃபோர்டின் போர்ச்சுகீசியக் கீரை சூப் பச்சையாக இருந்தாலும் உள்ளே சூரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். கடலோரக் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலை மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் போடுவார்கள், "தனி எண்ணெயா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். பீட்சா, ஃபலாஃபெல் கடைகள் மூன்று ஊரிலும் கிடைக்கும். பாஸ்டன் வழியாகக் காரில் வருகிறவர்கள் வால்தமின் இந்தியக் கடைகளில் தயிர், ஊறுகாய், சப்பாத்தி வாங்கி வைத்துக்கொள்ளலாம். அறையில் குளிர்பெட்டியும் மைக்ரோவேவும் உண்டா என்று பதிவுக்கு முன் கேளுங்கள்; சேலம், நியூபோர்ட்டின் பழைய வீட்டு விடுதிகள் பலவற்றில் இரண்டும் இருக்காது, லிஃப்டும் இருக்காது.

நாட்களை அடுக்குவது

காரில்லாத குடும்பம், ஜூன் அல்லது செப்டம்பர்: வெள்ளி மாலை பேக் பே வழியாகச் சேலம். சனி காலை அருங்காட்சியகம், மதியம் டெர்பி வார்ஃப். ஞாயிறு, வார இறுதிச் சீட்டிலேயே பாஸ்டன். சார்ல்ஸ்டவுனில் 1797இல் மிதக்கவிட்ட கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பலுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பெரியவர்கள் புகைப்படத்தோடு கூடிய அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பெற்றோர் பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சென்னை மெரினாவின் ஐஸ் ஹவுஸில் 1840களில் சேமித்த பனிக்கட்டி இந்தப் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

காருள்ள குடும்பம்: முதல் நாள் காலை நியூ பெட்ஃபோர்ட், மாலை மிடில்டவுன் அறை. இரண்டாம் நாள் திறந்தவுடன் பிரேக்கர்ஸ், மதியம் எல்ம்ஸ், வெயில் தாழ்ந்தபின் கிளிஃப் வாக். மூன்றாம் நாள் பழைய ஊர், பத்து மைல் ஓஷன் டிரைவ், மதியத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். ஞாயிறு மூன்று மணிக்குமேல் வெளியே வரும் சாலைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். வெள்ளி முதல் ஞாயிறு என்பதை ஞாயிறு முதல் செவ்வாய் என்று மாற்றிக்கொள்ள முடிந்தால் வாடகையும் குறையும், அந்த நெரிசலும் எதிர்த்திசையில் போய்விடும்.